நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு

காலை ஒன்பது இருபது. மந்தைவெளியில் பறக்கும் ரயிலில் ஏறிய தம்பதியின் துணிப்பையில் ஒரே நாவலின் பல பிரதிகள் தெரிந்தன. பின்னட்டைப் படத்தில் இருந்தவர் அந்த அம்மாள்தான். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கணவரிடம் கேட்டார்.

“நெட்ல என் புத்தகத்தப் பத்தி எழுதின நாலு வாசகரும் நீங்கதானா?”

“யாரு சொன்னா?”

“நாவலுக்கு நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டுன்னு மார்க் வேற யாரு போடுவா? காலமெல்லாம் பேப்பர் திருத்தின கையாச்சே.”

“புத்தகம் விக்கணும்ல, பிலோமினா. நான் எழுதினதெல்லாம் நெஜம்தான்.”

“பேரு பொய்யாச்சே. யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க சொல்றாங்கன்னு நம்பித்தானே வாங்குவாங்க? அப்படி விக்கிறதுக்கு வீட்லயே கிடக்கட்டும். அழிச்சிடுங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் செல்போனை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தார். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அது என்ன எட்டு மார்க் குறைச்சல்?”

“கணக்குக்கு மட்டும்தான் நூறு போடுவேன்.”

“சரி. அந்த நாலாவதையும் எடுங்க.”

“நான் போட்டது மூணுதான். இதுல மார்க்கே இல்ல பாரு.”

“சும்மா சொல்லாதீங்க.”

“கடைசி அத்தியாயம் இழுவைன்னு எழுதியிருக்கு. நான் எழுதுவனா?”

அந்த அம்மாள் செல்போனை வாங்கிப் படித்தார். திருவான்மியூரில் இறங்கும் வரை அதைத் திருப்பித் தரவில்லை.