விலகவில்லை, விலக்கினீர்கள்

மேடையில் வீற்றிருக்கும் பள்ளி நிர்வாகப் பெரியோர்களே, துயரோடு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! தமிழாசிரியன் கந்தவேல் பேசுகிறேன்.

ஆங்கில ஆசிரியர் நஸ்ருதீன் மறைந்துவிட்டார். அவர் படத்துக்கு ஆளுயர மாலை போட்டிருக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல சொல் சொன்னதுண்டா?

பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தில் தோற்றுக்கொண்டிருந்த காலம். 1966-இல் நிர்வாகம் முடிவெடுத்தது: தேறமாட்டாத பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பாதீர்கள், பள்ளியின் பெயர் கெடும்! நஸ்ருதீன் எழுந்தார்.

"தேற வெக்கறதுக்குத்தானுங்க நாம இருக்கறோம்!"

மாலை வகுப்பு தொடங்கினார். அறையைப் பூட்டினார்கள். தம் வீட்டில் நடத்தினார்.

ஒருநாள் நானும் அங்கிருந்தேன். துணி வெட்டும் தொழிலாளியின் மகள் வேலாத்தாள் 'மை ஃபாதர் கோ' என்று எழுதிவிட்டு, அடிக்குப் பயந்து கையை நீட்டினாள். அவர் பிரம்பைத் தேடவில்லை.

"ஏங் கண்ணு, எங்கப்பன் போறேன்னு சொல்லுவியா?"

"இல்லீங்க சார். போறாருன்னு சொல்லுவேனுங்க."

"இங்கிலீசுலயும் அப்பிடித்தான். ஆளு மாறுனா வினையும் மாறும். கோ இல்ல, கோஸ்."

அந்தப் பெண் சிரித்தாள். இலக்கணம் கேட்டு ஒரு பிள்ளை சிரித்து நான் பார்த்தது அன்றுதான்!

அதற்கு என்ன பரிசு? கட்டளையை மீறினார் என்று வேலையைப் பறித்தீர்கள். கம்பெனிக் கிடங்கில் மூட்டைகளுக்கு விலாசம் எழுதிப் பிழைத்தார். மாலை வகுப்பை மட்டும் விடவே இல்லை. நீங்கள் ஒதுக்கிய வேலாத்தாள் தனித்தேர்வராக எழுதித் தேறினார். இன்று முதலிபாளையத்தில் ஆசிரியை!

இன்றைய அறிவிப்பில் 'பணியிலிருந்து விலகினார்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஐயா, அவர் விலகவில்லை, நீங்கள் விலக்கினீர்கள்! ஓர் ஒற்றெழுத்தை விழுங்கினால் செய்தவர் யார் என்பது மறைந்துவிடுமா?

ஓர் அறைக்கு அவர் பெயரைச் சூட்டுவதாகச் சொன்னீர்கள். சூட்டிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு நீங்கள் ஒதுக்கிய பிள்ளைகள் இதோ பின்னால் நிற்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் உறுதி சொல்கிறோம்: வகுப்பு நிற்காது! வேலாத்தாள் இலக்கணம் நடத்துவார். நானும் உடனிருப்பேன். என் வேலையும் போகுமென்றால் போகட்டும்!

எங்கே நடத்துவது? இன்று காலை அவர் மனைவி நூர்ஜான் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கதவுக்கு அப்பாலிருந்து அழுகையோடு பதில் வந்தது:

"நாளைக்கே வரச் சொல்லுங்க. பாய் விரிச்சு வெக்கறேனுங்க."