அஞ்சு பேருக்கு இடமுள்ள படகு

இல்லைங்கய்யா, அது மிரட்டல் இல்ல, பாடம். நீங்க எழுதற மாதிரி எழுதினா மிரட்டல்னுதான் படும். வாட்ச்மேன் அண்ணன் டிரைவரைப் பாத்து உன்னைக் கொன்னுடுவேன்னு சொன்னார், வாஸ்தவம். மூணு தடவை சொன்னார், அதுவும் வாஸ்தவம். கிளாஸ்ல இருந்த ஆறு பேரும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்திருக்காங்கன்னா அவங்க பொய் சொல்லலை. ஆனா சொல்ல வச்சது நான். அதை மட்டும் விளக்கிடறேன், அப்புறம் கையெழுத்துக்கு வருவோம்.

உள் ரூம்ல அடிக்கிறது அவரைத்தானா? சரிங்கய்யா. சரி. கேக்கலை. சொல்றேன்.

டயர் கடைக்கு மேல ரெண்டாவது மாடிங்க எங்க கிளாஸ். சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும் இங்கிலீஷ் பேசக் கத்துக் குடுக்கறேன். எட்டுப் பேர் வர்றாங்க. ஒரு நர்ஸம்மா, ஒரு தையல்காரர், அடிபட்ட டிரைவர், உங்ககிட்ட இருக்கிற வாட்ச்மேன், இன்னும் நாலு பேர். எல்லாருக்கும் வெளிநாட்டு வேலைக்குப் போகணும். அங்க இன்டர்வியூல பேசச் சொல்லுவான். இவங்களோ வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்ங்கற மாதிரி உக்காந்திருப்பாங்க. உங்க பொழுதுபோக்கு என்னன்னு கேட்டேன். பன்னெண்டு மணி நேரம் வேலை பாக்கறவங்களுக்கு என்னங்கய்யா பொழுதுபோக்கு?

அப்புறம் ஒரு பாடப் புத்தகத்துல பாத்தேன். கப்பல் மூழ்குது. படகுல அஞ்சு பேருக்குத்தான் இடம், ஏறினது எட்டுப் பேர். யாரைக் கடல்ல தள்றதுன்னு இங்கிலீஷ்ல பேசி முடிவு பண்ணணும். ஆளுக்கு ஒரு சீட்டு குடுத்தேன், நீ டாக்டர், நீ நீதிபதி, நீ விமானின்னு. அதுக்கும் பேசலை. நர்ஸம்மா சொன்னாங்க, யாரோ ஒரு நீதிபதி செத்தா எனக்கென்ன சார்னு. அந்தக் கோவத்துல சீட்டெல்லாம் வாங்கிக் கிழிச்சுப் போட்டேன். நீங்க நீங்களாவே ஏறுங்க, நர்ஸ் நர்ஸாவே, டெய்லர் டெய்லராவேன்னு சொன்னேன். அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது. அப்ப தப்பாத் தெரியலை.

அன்னிக்கு நீங்க வந்து பாத்திருக்கணும். ஊமையெல்லாம் பேசுது! வீட்ல தண்ணி கேக்கவே யோசிக்கிற தையல்காரர் எழுந்து நின்னு, நர்ஸுக்கு ரத்தம் பழக்கம், பசி வந்தா முதல்ல நம்மளைத்தான் வெட்டுவாங்கங்கறார், இங்கிலீஷ்ல. நர்ஸம்மா விடுவாங்களா? உங்களை வெட்டி என்ன பண்ண, எலும்புதான் தேறும்னாங்க. ஒரே சிரிப்பு. அடுத்த வாரம் பாலைவனம், அதுக்கடுத்த வாரம் பனிமலை, பத்தி எரியற கட்டடம். சேர்ந்தவங்க யாரும் பாதியில நிக்கலை. கிளாஸ் நடத்தற முதலாளி எனக்குக் கை குடுத்தார்.

ஆமாங்கய்யா, வாய்ப்பேச்சோட நிக்கலை. அதைத்தான் சொல்ல வர்றேன். நாற்காலியெல்லாம் வட்டமாப் போட்டுப் படகு பண்ணுவாங்க. யாரைத் தள்ளணும்னு கை தூக்கி முடிவானதும், அவரைக் கையும் காலுமாத் தூக்கிட்டுப் போய்க் கதவுக்கு வெளியில, படிக்கட்டு கிட்டப் போட்டுட்டு வருவாங்க. அதுதான் கடல். ஒருத்தருக்குக் கண்ணாடி உடைஞ்சுது. ஒருத்தருக்கு முழங்கையில தோல் பேந்து ரத்தம். நான் பாத்துட்டுதான் இருந்தேன். பேசறாங்களே, அது போதும்னு இருந்துட்டேன்.

நேத்து மறுபடியும் படகு. டிரைவர் எழுந்தார். வாட்ச்மேனை முதல்ல தள்ளுங்க, அவன் வேலை நேரத்துல தூங்கறவன், சுறா வந்தாக் கூட குறட்டை விடுவான்னார். அவர் நிஜமாவே போன மாசம் அந்தப் புகார்ல ஒரு வேலையை இழந்தவர். டிரைவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அண்ணன் பாஞ்சு போய் சட்டையைப் பிடிச்சார். ரெண்டு பட்டன் தெறிச்சு ஜன்னல் கண்ணாடியில பட்டுது. கொன்னுடுவேன்டான்னார்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? நடுவுல புகுந்து விலக்கியிருக்கணும். நான் மேஜையைத் தட்டி, இங்கிலீஷ்ல சொல்லுங்கன்னேன்.

சிரிக்காதீங்கய்யா. எங்க கிளாஸ் சட்டம் அது. அவர் மூச்சு வாங்க, ஐ வில் கில் யூன்னார். சத்தம் பத்தலை, பின்னால கேக்கலைன்னேன். மறுபடி சொன்னார். தரையைப் பாத்துப் பேசக் கூடாது, எதிராளி கண்ணைப் பாத்துச் சொல்லுங்கன்னேன். மூணாவது தடவை கண்ணைப் பாத்துச் சொன்னார். கை அப்பவும் சட்டையிலதான் இருந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. டிரைவரும் தட்டினார். அப்புறம் அண்ணனைத் தூக்கிட்டுப் போய் வெளியில போட்டாங்க. அங்கயே படியில உக்காந்துட்டார். உங்க பேப்பர்ல இருக்கிற மூணு தடவையும் இந்த இங்கிலீஷ்தான்.

அடுத்து யாருன்னு கேட்டேன். அதுக்கு டிரைவர், சாரும் படகுலதானே இருக்கார்னார். எனக்கு உள்ளூர சந்தோஷம். வாத்தியாரையே எதிர்த்துப் பேச வந்துடுச்சேன்னு. பேசுங்கன்னேன்.

நல்லாத்தான் பேசினார். காரணத்தை முதல்ல சொல்லு, அப்புறம் உதாரணம் குடுன்னு நான் சொல்லிக் குடுத்த மாதிரியே பேசினார். நர்ஸ் கட்டுப் போடுவாங்க. டெய்லர் படகுக்குப் பாய் தைப்பார். நான் ஓட்டுவேன். சாருக்கு என்ன தெரியும்? முழுகும்போது நாம கத்தறதைத் திருத்துவார். சார் வெறும் பாரம்னார். மிச்சம் ஆறு பேரும் கை தூக்கினாங்க, நர்ஸம்மா கூட.

எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். அப்பா கிடங்குல மூட்டை தூக்கறவர். நான் தூக்கக் கூடாதுன்னு அவர் இன்னும் ரெண்டு மூட்டை சேர்த்துத் தூக்கினார். நான் பட்டம் வாங்கின படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கார், வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவார். அதை எதுக்குச் சொல்றேன்னா... ஒண்ணுமில்லை, விடுங்க.

என்னையும் தூக்கினாங்க. டிரைவர் காலரைப் பிடிச்சார். கதவு நிலையில மண்டை இடிச்சுது. வலிச்சுது, நானும் சிரிச்சேன். பொத்துன்னு தரையில போட்டாங்க. டிரைவர் குனிஞ்சு, நீந்திப் பாருங்க சார்னு கன்னத்துல ரெண்டு தட்டு தட்டினார். தட்டுன்னா அறையும் இல்ல, செல்லமும் இல்ல. அதுக்குள்ள மத்தவங்க படகு போயிடுச்சுன்னு கத்திட்டு, அவரையும் வெளியில விட்டு உள்தாழ் போட்டுட்டாங்க. அவர் கதவைத் தட்டறார். உள்ள சிரிக்கிறாங்க. அடுத்து கேட்ட சத்தத்தையும் அவங்க விளையாட்டுன்னுதான் நினைச்சிருக்காங்க. கதவைத் திறக்கும்போது டிரைவர் படியில தலைகீழாக் கிடக்கார். காதுலேர்ந்து ரத்தம், பல்லு நாலஞ்சு படி கீழே. வாட்ச்மேன் கையில தீ அணைக்கிற அந்தச் சிவப்பு சிலிண்டர். அவங்க எழுதினது அவங்க பாத்ததை.

ஆமாங்கய்யா, வெளியில இருந்தது மூணே பேர். ஒருத்தருக்கு இன்னும் நினைவு வரலை. ஒருத்தர் உள்ள இருக்கார். பாத்த சாட்சி நான் ஒருத்தன்தான். அதனாலதான் நேத்து என்னை மரியாதையா வீட்டுக்கு அனுப்பினீங்க, காலையில வந்தா நாற்காலி போட்டு டீ குடுக்கறீங்க. வாட்ச்மேன் அண்ணன் நடந்ததைச் சொன்னதுக்கு, வாத்தியார் மேலயே பழியைப் போடறியாடான்னு வாயிலேயே குத்தினாங்கன்னு வெளியில நிக்கிற கான்ஸ்டபிள் சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

இல்ல, பேனா வேணாம். இதுல போட முடியாது. வேற பேப்பர் எடுங்க.

சிலிண்டரைச் சுவத்துலேர்ந்து கழட்டினது நான்தாங்கய்யா. டிரைவர் கதவைத் தட்டிட்டு இருந்தார், முதுகு என் பக்கம். பின்னந்தலையில ஒண்ணு. திரும்பி விழுந்தப்புறம் வாயில ஒண்ணு. மூணாவதா ஓங்கினப்போ வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து பிடுங்கினார். அதனாலதான் அந்த ஆள் உசுரோட இருக்கார்.

எழுதறதுக்கு முன்னால உள்ள போய் அதை நிறுத்தச் சொல்லிட்டு வாங்க. நான் எங்கயும் போக மாட்டேன்.