ரோஜாவுக்கு வலது பக்கம்

பள்ளங்கி என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் சொன்னார்: "தோட்டத்துத் தண்ணி வால்வ எங்க பொதச்சேன்னே தெரியலக்கா."

"ஏன்டி பொதச்ச?"

"காட்டுமாடு ரெண்டு தடவ மிதிச்சு ஒடச்சிருச்சு. பக்கத்து வீட்டுக்காரி அவ வால்வ ஒரு பெட்டிக்குள்ள வச்சுப் பொதச்சு, மேல புல்லு வளத்துட்டா. அவ தோட்டம் பூவாக் கெடக்கு. வர்றவன் போறவன்லாம் அங்கதான் போட்டோ எடுக்குறான். வயிறு எரியுதுக்கா."

"அதான் நீயும் பொதச்சியா?"

"அவளப் பாத்துச் செஞ்சேன்னு சொல்லிருவாளேன்னு, வெள்ளனே எந்திரிச்சு, அடையாளம்கூட வைக்காமப் பொதச்சேன். மூணு நாளாத் தேடுறேன், செடியெல்லாம் வாடுது. நேத்து அவளே வேலிக்கு மேல எட்டிப் பாத்து, 'ரோஜாவுக்கு வலது பக்கம் தோண்டுங்கக்கா'ங்கிறா."

"தோண்டுனியா?"

"எப்படிக்கா தோண்டுவேன்? எடது பக்கமே தோண்டிக்கிட்டு இருக்கேன்."