இடது பாதம் விழும் இடம்

மழை விட்ட மறுநாள்தான் களிமண் சொன்னபடி கேட்கும். பதினெட்டு வருடமாக, ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்து ஓரத்தில் இருக்கும் இந்தப் பேஸ்போல் மைதானத்தைப் பராமரிக்கிறேன். சனிக்கிழமை முதலாம் அணி, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் அணி. பந்து எறிபவன் நிற்கும் மேட்டை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான்தான் களிமண் இட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்குவேன். இந்தச் சூசைதாசனின் வேலையில் இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

முதலாம் அணிக்கு எறிபவன் லூக்காஸ். என் மகன் பென்ஜமின் நாலு வருடமாக இரண்டாம் அணியில் கிடந்தான். லூக்காஸ் இருக்கும்வரை அவனுக்கு விடிவில்லை. லூக்காஸ் கெட்டவன் அல்ல. வழியில் நின்றான், அவ்வளவுதான்.

எறியும்போது லூக்காஸின் இடது பாதம் எங்கே விழும் என்று கண்ணை மூடிக்கொண்டே காட்டுவேன். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலையிலேயே போய், அந்த இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் களிமண்ணை எடுத்துவிட்டேன். உலர்ந்த மணலை நிரப்பி, மேலே களிமண்ணை மெல்லிசாகப் பூசினேன். ஒரு மாதம் நொண்டினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

சொந்த மைதானத்து அணிதான் முதலில் எறியும். பென்ஜமின் வேலிப்பக்கம் ஓடி வந்தான்.

"இண்டைக்குத் தனக்குப் பதிலா என்னை எறிய விடச்சொல்லி லூக்காஸே கோச்சிட்டைக் கேட்டவன், அப்பா."

அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் பதறவில்லை. ஆளுக்கு ஆள் பாதம் விழும் இடம் மாறும். அவன் மேட்டில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. பதினைந்து வயதில் அவனுக்கு எறியப் பழக்கியவன் நான். லூக்காஸின் காலடித் தடத்தை அழிக்காமல் விட்டு, அதிலேயே மிதிக்கச் சொல்லித்தான் பழக்கினேன்.

ஆட்டத்துக்கு முன் எட்டுப் பந்து ஒத்திகை. நான் கையைத் தூக்கியிருந்தால் நடுவர் நிறுத்தியிருப்பார். ஏன் என்றும் கேட்டிருப்பார். மெதுவாகத்தானே எறிகிறான், மண் தாங்குகிறது என்று எட்டையும் எண்ணிக்கொண்டு நின்றேன். ஒன்பதாவதை முழுப் பலத்தோடு எறிந்தான். முழங்கால் போன சத்தம் வேலிவரை கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனதும், மண்வெட்டியை எடுத்து வந்து மேட்டைச் சரிசெய்தேன். ஆட்டம் தொடர வேண்டும் அல்லவா.

இனி அவனால் எறிய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவரைப் பார்த்தபடி கிடக்கிறான். நேற்றுத்தான் வாய் திறந்தான்.

"நான் காலைப் பிழையாய் வைச்சிட்டனோ, அப்பா?"

"ஓம் தம்பி. பிழை உன்ர காலிலைதான்."

அவன் தலையாட்டினான். கசப்பான உண்மையைப் பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்ல, பெற்றவனை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.