அறுபது பேர் இருந்த அறை

தொம்.

சாவியைத் திருப்பிய கையோடு ஞானசுந்தரம் நின்றுவிட்டார். சத்தம் கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. கனத்த மரம் ஒன்றைத் தூக்கிக் குறுக்கே போட்டது போல... தொம். அவர் தனியாகக் குடியிருக்கும் அறை. பூட்டிவிட்டுப் போன அறை.

காலை ஐந்து மணி. 1986, டிசம்பர், பிரெஞ்சுத் தலைநகரம். ரெஸ்டாரன்டில் கோப்பை கழுவி முடிக்க நாலாகும். அந்த நேரத்தில் மெத்ரோ ரயில் கிடையாது, நடைதான். ரூ பிலிப்-து-ஜிரார் தெரு முழுக்க ஒரு ஈ, காக்காய் இல்லை. கடைகளின் இரும்புத் தகடெல்லாம் இறக்கிக் கிடந்தன. தன் சப்பாத்துச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காமல் வந்து, ஐந்து மாடி ஏறி, சாவியைப் போட்டால்... இது.

ரூ பஜோலில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிவமணி இருக்கிறாரே, அவருடைய அக்கா கோசலையின் புருஷன்தான் இந்த ஞானசுந்தரம். சிவமணி இந்தக் கதையைக் கடை பூட்டிய பிறகுதான் சொல்வார். அதுவும் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஞானசுந்தரம் தள்ளிப் பார்த்தார். பூட்டு திறந்துதான் இருந்தது. ஆனால் கதவு அசையவில்லை. உள்ளே பலபேர் தோள் கொடுத்து நிற்பது போல ஓர் அமுக்கம். காதை வைத்தார். மூச்சு... ஒன்றல்ல, பல. வெறுங்கால்கள் பலகைத் தரையில் தேய்கிற சத்தம். ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கி, யாரோ வாயைப் பொத்தியது போலச் சட்டென்று நின்றது. இடுக்கு வழியாக வாசனை வந்தது. ஈரச் சேறு. எரிந்த மூங்கில். கூடவே வெடிமருந்து. அந்த நெடி அவருக்குப் பழக்கம். ஊரில் பக்கத்து வீட்டில் ஷெல் விழுந்தபோது மூன்று நாள் மூக்கில் நின்ற நெடி அது.

"நான்தான்," என்றார் மெதுவாக. "ஞானம்."

அமுக்கம் விட்டது. கதவு தானாகத் திறந்தது.

உள்ளே ஒருவருமில்லை. கட்டில், நிலக்கரி அடுப்பு, மூலையில் சிவப்புப் பலகையில் சாத்திய சாமிப் படம். தரையில் மட்டும் சேறு. சின்னச் சின்னக் காலடிகள். குதிகால் பதியாமல் விரல்கள் மட்டும் அழுந்திய காலடிகள்... எல்லாமே கதவைப் பார்த்து.

வேறொருவர் என்றால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கியிருப்பார். அவரால் முடியாது. கோசலை கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒன்றரை வருஷமாகக் காத்துக் கிடந்தாள். வாரம் தவறாமல் அந்த லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது. அவளை இங்கே கூப்பிட எல்லாப் பத்திரமும் தயார், ஒன்றைத் தவிர. 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார், மனைவி வந்தாலும் இருக்கலாம்' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதோடு அரசாங்க அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

வீட்டுக்காரர் பெயர் லாசர். பாண்டிச்சேரிக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எதிர்க் கதவில்தான் குடியிருந்தார். அகதிகளைக் கண்டாலே ஆகாது. அறை காலியாகக் கிடக்கக் கூடாது என்றுதான் விட்டிருந்தார். அன்று மத்தியானம் அவரே வந்து நடையில் மறித்தார்.

"ராத்திரியில எத்தினி பேரக் கொண்டாந்து படுக்க வக்கிற?"

"ஒருத்தருமில்லை ஐயா. நான் தனிய."

"தனியவா? நூறு காலு நடக்குது. எனக்கு என்ன காது செவிடா? ஒரு ஆளுக்கு ரூம் குடுத்தா ஒரு ஊரே ஏறி ஒக்காந்துக்கிறீங்க."

"அந்தக் கடிதம் ஐயா..."

"மொதல்ல ரூமைப் பாக்கணும், அப்பறந்தான் கடுதாசி, பப்பியேல எல்லாம் கையெழுத்து. செவ்வாக்கெழம காலீல அஞ்சரைக்கு வர்றேன். ஆறு மணிக்கு சென் தெனிக்கு, மக வூட்டுக்குக் கெளம்பணும். அந்த நேரத்துல ஒன் ஆளுங்க எல்லாம் படுத்துனு இருப்பாங்க, எண்ணிப் பாத்துர்றேன்."

ஞானசுந்தரத்துக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "ஐயா, அலுமாரிக்குப் பின்னாலை ஒரு சிவப்புப் பலகை கிடந்துது. அது என்ன பலகை?"

லாசர் சிரித்தார். முதல் தடவையாக.

"அதுவா? எங்க பூட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்தோட போயி, சைகோனுக்கு வடக்க டோங்கின் சண்டையில எடுத்தாந்தது. நூறு வருசம் இருக்கும். ஆத்தங்கரையில ஒரு மண் கோட்டை. சுத்தி அகழி, முள்ளு மூங்கில் வேலி. மூணு நாளு பீரங்கி அடிச்சாங்க, கதவு அசையல. ஏணி போட்டு ஏறுனவனை எல்லாம் ஈட்டியால குத்தி அகழியில தள்ளிட்டானுங்க. எங்க பூட்டன் கூலிப் பட்டாளத்துக்கு மேஸ்திரி. சைகோன்ல அஞ்சு வருசம் இருந்தவரு, அவுங்க பாஷ தெரியும். நாலாம் நாளு விடியக்காலம் கதவாண்ட போனாரு. 'தொறங்க, ஒருத்தரையும் தொட மாட்டாங்க, எங்கப்பன் மேல சத்தியம்'னாரு. தொறந்துட்டானுங்க."

"பிறகு?"

"பெறகென்ன? சண்டைன்னா சண்டைதான். உள்ள அறுவது பேரு, பொம்பள, புள்ளைங்க எல்லாம் சேத்து. ஒருத்தரும் மிஞ்சல. பீரங்கியால ஆவாதத வாயால தொறந்தாருன்னு தொரைங்க மெடல் குடுத்தாங்க. வாசல் கோயில்ல இருந்த பலகை அது. அவுங்க செத்தவங்க பேர எழுதி வச்சுக் கும்புடுவாங்களாம்."

ஞானசுந்தரம் திரும்பித் தன் அறைக் கதவைப் பார்த்தார்.

அந்தப் பலகையில் வரிசையாக இருந்த கறுப்புக் கோடுகளைப் பூ வேலைப்பாடு என்றுதான் நினைத்திருந்தார். சாமிப் படம் வைக்க இடமில்லை என்று மஞ்சள் தண்ணீரால் துடைத்து மூலையில் சாத்தியவர் அவர்தான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன அமாவாசை... ஊரில் செத்த தகப்பனுக்குக் கொள்ளி வைக்க அவரால் போக முடியவில்லை. அதற்காக அந்தப் பலகைக்கு முன்னால் இலை போட்டு, சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் தண்ணீரும் வைத்துப் படைத்தார். தகப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, கேட்பாரில்லாமல் செத்தவர்களுக்கும் ஒரு பிடி தனியாக வைத்துக் கூப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். வைத்தார். கூப்பிட்டார்.

"திக்கில்லாமல் போன ஆக்களும் வாங்கோ... வந்து சாப்பிடுங்கோ."

வந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை. ஐந்தரை. நடையில் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. லாசர் பழைய பட்டாளத்துப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் கடிதம், கையில் பேனா. ஒவ்வோர் அடிக்கும் பலகைத் தரை அதிர்ந்தது. டக். டக். டக்.

அறைக்குள் எல்லாச் சத்தமும் நின்றது.

ஞானசுந்தரம் சாவியைத் திருப்பினார். தொம்... குறுக்குக் கட்டை விழுந்தது. கீழே, மாடிப்படியின் அடியில், எங்கோ தூரத்தில் ஊதுகொம்பு ஒன்று ஒலித்தது. பிறகு பூட்ஸுகள். இரண்டல்ல, இருநூறு. படி படியாக ஏறி வந்தன. வெளிச்சுவரில் ஏணி சாத்துவது போலக் கரகரவென்று ஒரு உரசல். லாசருக்கு அது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"தொறய்யா. உள்ள யாரு கதவைப் புடிச்சினு நிக்கறது?"

"ஒருத்தருமில்லை ஐயா..."

"நான் பத்து எண்ணுவேன். அப்பறம் கடுதாசியக் கிழிச்சுட்டுப் போயினே இருப்பேன். ஒன்னு."

ஞானசுந்தரம் தோளால் இடித்தார். இரண்டு. உள்ளே குழந்தை விம்மியது. மூன்று, நான்கு. வெடிமருந்து நெடியில் கண் எரிந்தது. லாசர் கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆறு. ஏழு.

ஞானசுந்தரம் கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"விடுங்கோ," என்றார், லாசருக்குக் கேட்காமல். "நான்தான், உங்களுக்குச் சோறு வைச்சவன். இந்த ஆள் ஒண்டும் செய்யமாட்டார். உங்கள்லை ஒருத்தரையும் தொட விடமாட்டன். என்ரை ஐயா மேலை சத்தியம்."

கட்டையை எடுக்கும் சத்தம், மிக மெதுவாக... யோசித்து யோசித்து எடுப்பது போல. கதவு திறந்தது.

லாசர் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலுமாரியைத் திறந்தார். ஆளில்லை. தரைச் சேற்றைப் பார்த்தார், மூலையில் காய்ந்து கிடந்த படையல் இலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"எங்க பூட்டன் சொத்து மேல ஒன் சாமியா? வீடே நாறுது."

சாமிப் படத்தைத் தட்டிவிட்டார். பலகையை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். அடுப்பு வாயைத் திறந்தார். பலகையைத் தொடுவதற்கு முன்பே, போகிற போக்கில், கடிதத்தையும் பேனாவையும் மேசையில் வைத்திருந்தார். கையெழுத்து இன்னும் போடவில்லை.

இங்கேதான் சிவமணி எழுந்து போய்க் கடைக் கதவின் தாழ்ப்பாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு வார்த்தை. 'வேண்டாம் ஐயா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம். ஞானசுந்தரம் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு துண்டும் நெருப்பில் விழுந்தன. அரக்கு உருகி நீலமாக எரிந்தது. மயிர் கருகும் நாற்றம். அலறல் எதுவும் கேட்கவில்லை... அதுதான் மோசம் என்பார் சிவமணி. வெறுங்கால்கள் மட்டும் ஒவ்வொன்றாக நடந்தன. அடுப்படியிலிருந்து வாசலுக்கு. போகும்போது ஒவ்வொரு காலடியும் ஒரு தடவை நின்றது. ஞானசுந்தரத்தின் முகத்துக்கு நேரே ஒரு மூச்சு, சேற்று வாடையோடு. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. ஞானசுந்தரம் எண்ணினார். அறுபது. ஒன்றுகூட லாசருக்கு முன்னால் நிற்கவில்லை.

லாசர் கையைத் தட்டிவிட்டு, குனிந்து, கீழே வாலிழுத்து அழகாகக் கையெழுத்துப் போட்டார். "இதுக்கா இவ்ளோ பயந்த?" என்றார். ஆறு மணிக்கு சென் தெனிக்குப் போனார். அவருக்கு எதுவும் ஆகவில்லை. இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

ஒன்பது மணிக்குக் கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கோசலை அடுத்த வருஷம் பிப்ரவரியில் வந்து இறங்கினாள். அதற்குள் ஞானசுந்தரம் லாசரின் அறையை விட்டுவிட்டு ரூ பஜோலில், சிவமணியின் கடைக்கு மேலேயே வேறோர் அறை பிடித்திருந்தார். இரவில் சத்தமில்லை, நெடியில்லை. நடந்ததைக் கோசலைக்குச் சொல்லவும் இல்லை. புதிதாக வந்தவளை ஏன் பயமுறுத்த வேண்டும்? கதவை உள்ளே பூட்டிக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே என்று மட்டும் சொல்லலாம் என்று நினைத்தார். அதைக்கூட நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

அவள் வந்த நாலாம் நாள். வேலை முடித்து விடியக்காலம் ஐந்து மணிக்குத் திரும்பினார். பனி தூறிக்கொண்டிருந்தது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஜன்னலில் வெளிச்சம். படியேறினார். மூன்றாவது மாடியில் சப்பாத்து வழுக்கியது. குனிந்து தொட்டுப் பார்த்தார்... சேறு.

மேலே கதவு அகலத் திறந்து கிடந்தது. கோசலை வாசலில் நின்றாள். கையில் தட்டு, தட்டு நிறையத் தேத்தண்ணிக் கோப்பைகள். சிரித்த முகம். அவளுக்குப் பின்னால் அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் பார்த்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் வெளிச்சம் வாசல்வரை வரவில்லை, நடுவில் நெருக்கமாக எதுவோ மறைத்துக்கொண்டு நின்றது.

"என்னப்பா இவ்வளவு நேரம்... நீங்கள் சத்தியம் பண்ணிக் குடுத்த ஆக்களாம், குளிருக்கை நிண்டு நடுங்கிச்சினம், நான்தான் கதவைத் திறந்து உள்ளுக்கை விட்டனான்."