பட்டியலில் இரண்டாவது பெயர்

புது பஸ்ஸுக்கென்று ஒரு வாசனை உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. பெயிண்டும் தோலும் பெட்ரோலும் கலந்தது. அது மூக்கில் பட்டால் எனக்குக் கால் தரையில் பாவாது.

யுத்த காலம் முழுக்க தர்மபுரிக்கும் பொம்மிடிக்கும் ஓடியது கரிவாயு வண்டிதான். பின்னால் கட்டிய அடுப்பை மூட்டுவதும் டிரைவர்தான், புகை தின்பதும் டிரைவர்தான். நாற்பத்தாறில் பதினொரு நாள் ஸ்டிரைக் செய்து முதலாளியிடம் ஒப்பந்தம் வாங்கினோம். முதலில் வேலைக்குச் சேர்ந்தவருக்கே முதலில் வண்டி. சிபாரிசு செல்லாது. அன்று கொடி பிடித்து முன்னால் நடந்தவன் இந்தத் தீர்த்தகிரி.

சீனியாரிட்டிப் பட்டியலை ஷெட் சுவரில் ஒட்டினார்கள். முதல் பெயர் மாதப்பன் அண்ணன். இண்டூர்க்காரர், தங்கமானவர். என்னைவிட ஒன்பது நாள் மூத்தவர். இரண்டாவது நான்.

தை மாதம் புது வண்டி வந்தது. நல்ல சிவப்பு. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஹாரனை அமுக்கிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மாதப்பனுக்கு வயசாச்சு. வண்டிய நீயே எடுத்துக்க."

"லிஸ்ட்ட மீறக் கூடாதுங்க" என்றேன்.

இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு ஒன்று இருக்கிறது. கண் பரிசோதனையில் தவறியவரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். அண்ணனுக்குக் கரிப்புகையால் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வத்தல்மலையிலிருந்து மருந்து வாங்கி வருகிறேன் என்றேன். மலைவரை போகவில்லை. ரோட்டோரமே எருக்கஞ்செடி இருந்தது. பாலைச் சின்னச் சீசாவில் சேர்த்து, வாசனைக்குக் கொஞ்சம் பன்னீர் கலந்தேன்.

ஷெட் பெஞ்சில் அண்ணன் என் மடியில் தலை வைத்துப் படுத்தார்.

"எரியுதுப்பா."

"எரிஞ்சாத்தாண்ணே அழுக்கு வெளிய வரும்."

"நீ வுடறதால பயமில்ல. வேற எவனா இருந்தாலும் எந்திரிச்சிருப்பன்."

மூன்று நாள் விட்டேன். ஒருமுறைகூட அவர் முகத்தைத் திருப்பவில்லை.

பரிசோதனை நடந்தது. பெயர் நீங்கியது. மறுநாள் புது வண்டியில் ஏறினேன். அந்தக் காலையை எப்படிச் சொல்வேன்? பொம்மிடிவரை வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டே ஓட்டினேன். சந்தைக்குப் போன பெண்கள் தாளம் போட்டார்கள். ரயிலடியில் இறங்கினேன். பார்த்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். இப்போது சொல்லும்போதும் சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள்.

அண்ணன் மனைவி ராமக்கா ஆஸ்பத்திரியில் காட்டிய சீசா என்னுடையதுதான். இரண்டு கண்ணையும் அவித்தவன் நான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் விட்டேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். பட்டியலில் மூன்றாவது பெயர் பெரியண்ணன் என்கிற டிரைவர். அந்த வண்டி இனி அவருக்குத்தான் போக வேண்டும். முதலாளி தன் மச்சானை உட்காரவைக்கப் பார்ப்பார், நீங்கள் விடக் கூடாது. ஒருவர் உரிமையை இன்னொருவர் பறிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஐயா.