ஏழாவது பணிப்பாளர்

பிழையாச் சொல்லிப்போடுவனோ என்டுதான் பயமாயிரிக்கி மிஸ். நான் எட்டாம் வகுப்போட நிண்டவள். நீங்க சட்டத்தரணி, எழுதினா எழுதினதுதானே. பொறுங்க, முதல்ல இருந்தே வாறன்.

தேங்காத் தும்பு மில் எங்கட மாதர் சங்கத்திட. ஓம், களுவாஞ்சிக்குடியில. மில்ல நடத்துற பணிப்பாளர் சபைக்கு ஏழு பேர் வேணுமாம், ஆறு பேர்தான் இரிக்கம், நீயும் வாகா என்டு கூட்டிப் போனவ தலைவி இமெல்டா அக்கா. மாசம் ஒரு கூட்டம். பிளேன்டீயும் கிறீம் கிறேக்கரும். வாசிக்காமத்தான் கையெழுத்து வச்சன் மிஸ். அக்கா சொன்னாச் சரிதானே.

கண்ணகையா? எங்கட பக்கத்து வளவுக்காரி. நான்தான் அவளை மில்லில சேத்துவிட்ட. மிசின்ட பெல்ட்டுக்கு மேல இரும்பு மூடி ஒண்டு இருந்தது. தும்பு சிக்கினா அதக் கழட்டிப் பூட்ட நேரம் போகுதாம், சபைதான் கழட்டி வைக்கச் சொன்னது. கண்ணகை கூட்டத்துக்கே வந்து கேட்டவள், மூடியப் போட்டுத் தாங்க, சீலை இழுபடுது என்டு. அடுத்த கூட்டத்தில பாப்பம் என்டம். அடுத்த கூட்டம், சுத்துலா மடுவுக்கா கதிர்காமத்துக்கா என்ட கதையோட முடிஞ்சிது.

மறுகா ஒரு நாள் அவள்ட வலது கை பெல்ட்டில போயிற்று. முழங்கையோட.

தொழில் கந்தோர் அதிகாரி ஐயா வந்து, மில்லுக்கு மட்டுமில்ல, பணிப்பாளர் ஒவ்வொருத்தருக்கும் வழக்கு வரும் என்டார். அண்டைக்குப் பின்னேரமே இமெல்டா அக்கா விலகிட்டா, போன மாசத் தேதி போட்டு. மத்த அஞ்சு பேரும் அப்படித்தான். கடிதம் ஆறும் ஒரே பேனை மிஸ். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல்ல. அக்காக்குப் போன்ல கோல் எடுத்தா, இப்ப நீதானே பணிப்பாளர், நீயே பாத்துக்கொள்ளு என்கா. அவட மகள்ட கலியாணத்துக்கு மூணு நாள் நிண்டு சமைச்சவள் நான்.

மூடி கழட்டச் சொன்னதெல்லாம் எழுதின கூட்டக் கொப்பியக் காணல்லயாம். ஆரு எடுத்தாவோ.

இந்தப் பேப்பரக் காட்டத்தான் வந்தன். நேத்து ஆசுபத்திரிக்குப் போன. தோடம்பழம் உரிச்சு, சுளை சுளையா வாயில குடுத்தன். மூடியக் கழட்டினது நான்தான், சபைக்குத் தெரியாது என்டு கண்ணகை சொல்ற மாதிரி நானே எழுதிக் கொண்டுபோன. அவள் வாசிக்கல்ல. என்னப் பாத்து, அக்கா சொன்னாச் சரிதானே என்டாள்.

செல்லும்தானே மிஸ்? கையெழுத்துக் கொஞ்சம் கோணல்தான். இடது கையால வச்சவள்.